சாயம் பூசியது யார்?

உங்கள் வீட்டுத் தோட்டத்தில் கொய்யா மரம் இருக்கிறதா? இருந்தால், பழுத்த பழத்தை உங்களுக்கு முன்பே ருசி பார்த்துவிடும் விருந்தாளி யார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு பக்கம் கொறித்துவிட்டு, மீதியைக் கீழே போட்டுவிட்டு, ‘கீ... கீ...’ என்று கத்திக்கொண்டே பறந்துவிடுகிறதே, அந்தக் கிளிதான்!

நான் குடியிருப்பது மத்திகிரியில். ஓசூர் மாநகராட்சியைச் சேர்ந்த இந்தப் பகுதி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காலையில் ஒரு பக்கம் தொழிற்சாலைப் பேருந்துகள் வரிசையாகப் போகும். மறுபக்கம், 1824-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கால்நடைப் பண்ணையின் பெரிய மரங்களிலிருந்து கிளிக் கூட்டங்கள் கிளம்பும். தமிழர் ‘கிளி’ என்போம். பக்கத்து வீட்டுப் பாட்டி தெலுங்கில் ‘சிலுக’ என்பார். எதிர்வீட்டார் கன்னடத்தில் ‘கிணி’ என்பார். எந்த மொழியில் அழைத்தாலும், கிளி என்றால் பச்சை நிறம், சிவந்த மூக்கு, கழுத்தில் வளையம் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம்.

சென்ற ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் காலை, எங்கள் கொய்யா மரத்தில் வந்து உட்கார்ந்த நான்கு கிளிகள் அந்த நினைப்பைக் குலைத்துவிட்டன.

விசித்திர விருந்தாளிகள்

நான்கும் வழக்கமான பச்சைக்கிளியைவிடச் சிறியவை. இரண்டு கிளிகளுக்குத் தலை முதல் வால் வரை பச்சை. கழுத்தில் வளையமே இல்லை. மூக்கு சிவப்பல்ல, வெளிர் மஞ்சள்! மூன்றாவதற்கு நீலம் கலந்த சாம்பல் நிறத் தலை, அதன் கீழே மஞ்சள் பட்டை. நான்காவதுதான் எல்லாவற்றிலும் விசித்திரம். சாம்பலும் பச்சையும் கலந்த அதன் தலையில், நெற்றியில் ஒன்றும் கன்னத்தில் இரண்டுமாக நாவற்பழச் சாறு தெறித்ததுபோல் ஊதா கலந்த சிவப்புத் திட்டுகள் இருந்தன.

“யாரோ பிடித்துச் சாயம் பூசி விட்டுவிட்டார்கள்” என்றார் பாட்டி.

அவர் சொன்னது முழுக்கக் கற்பனையும் அல்ல. சாதாரணப் பறவைகளுக்குச் சாயம் ஏற்றி, அபூர்வப் பறவை என்று சொல்லிச் சந்தையில் விற்கிற ஏமாற்று வேலை நம் நாட்டில் நடந்திருக்கிறது. ஆனால் எனக்கு அந்த விளக்கம் பிடிக்கவில்லை. நான் இயற்பியல் ஆசிரியன். பறவை நூல்களைப் புரட்டிப் பார்த்திருக்கிறேனே தவிர, முறையாகப் படித்தவன் அல்லன். ‘செந்தலைக் கிளி’ என்று ஓர் இனம் உண்டு என்பதும், ஆண் கிளியின் தலை நாவற்பழ நிறத்தில் இருக்கும் என்பதும் தெரியும். ‘பச்சைக்கிளிக்கும் செந்தலைக் கிளிக்கும் பிறந்த கலப்புக் கிளியாகத்தான் இருக்க வேண்டும்!’ என்று முடிவு கட்டிவிட்டேன். மனத்தில் முடிவு கட்டியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மறுநாள் வகுப்பிலும் அதைப் பெருமையோடு சொல்லிவிட்டேன்.

அதுதான் நான் செய்த தவறு. அதன் விளைவு அந்த ஞாயிற்றுக்கிழமையே வாசலில் வந்து நின்றது.

மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் கேட்டார்: “சார், புது ஜாதிக் கிளி ஒண்ணு உங்க தோட்டத்துக்கு வருதாமே? பிடிச்சுக்கிறேன் சார். நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், கேட்டைத் திறந்து விட்டா போதும். என்ன விலைன்னு சொல்லுங்க.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வேண்டாம் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன். ஆனால் தோட்டத்துச் சுவரைத் தாண்டிவிட்டால் கிளிக்கு நான் காவலா? வகுப்பில் நான் அவசரப்பட்டுச் சொன்ன ஒரு சொல், தெருத் தெருவாகப் போய் அந்தக் கிளிக்கு ஒரு விலையை ஒட்டிவிட்டது. நான் சொன்னது சரிதானா என்று சோதித்துப் பார்ப்பதாவது என் கடமை அல்லவா?

நான்கு ஊகங்கள், ஒரு சோதனை

திங்கட்கிழமை வகுப்பில் கரும்பலகையில் நான்கு ஊகங்களை எழுதினோம். ஒன்று, சாயம். இரண்டு, நோய். மூன்று, கலப்பு. நான்காவதை ஒரு மாணவி சொன்னாள்: “சார், அது இன்னும் வளர்ந்து முடியாத கிளியாக இருந்தால்?”

நல்ல ஊகம் என்றால் அது ஏதாவது ஒன்றை முன்கூட்டியே சொல்ல வேண்டும். பிறகு நாம் பார்த்து, சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல முடிய வேண்டும். எங்கள் நான்கு ஊகங்களும் என்ன சொல்கின்றன?

சாயமாக இருந்தால், மழையிலும் வெயிலிலும் திட்டு மங்கும்; புதிதாக முளைக்கும் இறகு பழைய நிறத்திலேயே வரும். நோயாக இருந்தால், இறகு சிதைந்தோ உதிர்ந்தோ காணப்படும், கிளி சோர்ந்திருக்கும். கலப்பாக இருந்தால், மூக்கு, வால், உடலளவு, குரல் ஆகியவற்றிலும் இரண்டு இனங்களின் சாயலும் தெரிய வேண்டும். திட்டும் ஆண்டு முழுவதும் அப்படியே இருக்கும். வளரும் கிளியாக இருந்தால், திட்டு மாதத்துக்கு மாதம் பெரிதாகிக்கொண்டே போக வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல். அடுத்த வாரம் வருவது அதே கிளிதான் என்று எப்படித் தெரியும்? தலைத் திட்டை அடையாளமாகக் கொள்ள முடியாது. மாறுகிறதா என்று நாம் பார்க்கப்போவதே அதைத்தானே! நல்ல வேளையாக வேறோர் அடையாளம் கிடைத்தது. கிளிக்குக் காலில் நான்கு விரல்கள். இரண்டு முன்னோக்கியும் இரண்டு பின்னோக்கியும் இருக்கும். கொய்யாவைக் கையில் பிடித்துத் தின்பதுபோல் அது காலால் பிடித்துத் தின்ன முடிவது அதனால்தான். எங்கள் கிளிக்கு இடது காலில் ஒரு விரல் இல்லை. எப்போதோ ஒரு கண்ணியில் சிக்கித் தப்பியதோ என்னவோ! மாணவர்கள் அதற்கு ‘மூன்று விரலான்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஒரு பழைய இருகண் நோக்கி, ஒரு நோட்டுப் புத்தகம், வண்ணப் பென்சில்கள். இவைதாம் எங்கள் கருவிகள். வாரம் ஒரு முறை கிளியின் தலையைப் படம் வரைந்தோம்.

முதல் மாதத்திலேயே என் ‘கலப்பு’ ஊகம் ஆட்டம் கண்டது. பச்சைக்கிளி வாலோடு சேர்த்து 40 சென்டிமீட்டர் அளவு இருக்கும். எங்கள் விருந்தாளிகள் எல்லாம் அதைவிடச் சிறியவை. மூக்கில் சிவப்பின் சாயலே இல்லை. நீல நிற வாலின் நுனியில் வெள்ளை. பச்சைக்கிளியின் கரகரப்பான கத்தலுக்குப் பதிலாக, ‘டூயி... டூயி...’ என்று கேள்வி கேட்பதுபோன்ற மெல்லிய குரல். இவை அனைத்தும் செந்தலைக் கிளியின் குணங்கள். பச்சைக்கிளியின் சாயல் ஒன்றுகூட இல்லை!

ஜூன் மாதத்தில் திட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்தன. நோக்கியின் வழியே பார்த்தால், நெற்றியில் சிறு முட்களைப்போல் குருத்திறகுகள் நீட்டிக்கொண்டிருந்தன. அவை விரிந்தபோது ஒவ்வொன்றும் நாவற்பழ நிறத்திலேயே விரிந்தது. ஆகஸ்டில் முக்கால் தலை சிவந்துவிட்டது. கழுத்தைச் சுற்றி ஒரு மெல்லிய கறுப்புக் கோடும் எழுந்தது. மாணவி சொன்னதுதான் சரி. ஆசிரியர் சொன்னது தவறு.

நான்கு கிளிகளும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. முழுப் பச்சையாக இருந்தவை அந்த ஆண்டுக் குஞ்சுகள். சாம்பல் தலையும் மஞ்சள் கழுத்துமாக இருந்தது பெண். மூன்று விரலான், இளமை முடிந்து வாலிபத்துக்கு வந்துகொண்டிருந்த ஆண். பிறந்தபோது பச்சைத் தலை. பிறகு பெண்ணைப்போல் சாம்பல் தலை. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆன பிறகே ஆணுக்கு உரிய செந்தலை. ஒரே பறவை மூன்று வேடங்கள் போடுகிறது!

நமக்குப் பழக்கமான பச்சைக்கிளியும் இதே வேலையைத்தான் செய்கிறது. இளம் கிளிக்குக் கழுத்து வளையம் கிடையாது, வால் குட்டை. ஆண் கிளிக்கு அந்தச் சிவந்த வளையம் முழுமையாக அமைய இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். பெண்ணுக்கோ அது வருவதே இல்லை. நம் சங்கப் புலவர்கள் இந்த வளையத்தைத் ‘தார்’, அதாவது மாலை, என்று அழைத்தார்கள். அந்த மாலை பிறவியிலேயே போட்டு வருவதல்ல என்பதை இனி நீங்கள் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

ஆஸ்திரேலியாவில் கிரிம்சன் ரொசெல்லா என்றொரு கிளி உண்டு. வளர்ந்த கிளி இரத்தச் சிவப்பு. ஆனால் பல பகுதிகளில் அதன் குஞ்சுகள் பச்சை! நியூகினித் தீவுப் பகுதியின் எக்லெக்டஸ் கிளியில் ஆண் பச்சை, பெண் சிவப்பு. இரண்டும் வெவ்வேறு இனங்கள் என்றே அறிஞர்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். ஆகவே, நான் ஏமாந்ததற்குத் துணை இல்லாமல் போகவில்லை!

பச்சை எங்கே போயிற்று?

எங்கள் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்த ஒரு மாணவன் கேட்டான்: “சார், பச்சை இறகு எப்படிச் சிவப்பாகும்? இருந்த பச்சை எங்கே போகும்?”

முதற் பாதிக்கு விடை எளிது. எந்த இறகும் நிறம் மாறவில்லை. முழுதாக வளர்ந்துவிட்ட இறகு உயிரற்ற பொருள்; நம் நகத்தைப்போல் அதுவும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதற்குள் இரத்தம் ஓடுவதில்லை. ஆகவே வளரும்போது என்ன நிறம் அமைந்ததோ அதுதான் கடைசி வரை. பழைய இறகு ஒவ்வொன்றாக உதிர, அந்த இடத்தில் புதிய இறகு வேறு நிறத்தில் முளைக்கிறது. மூன்று விரலானின் திட்டுகள், மராமத்து நடக்கும் வீட்டில் பழைய ஓட்டுக்கு நடுவே தெரியும் புது ஓடுகளைப் போன்றவை.

‘பச்சை எங்கே போயிற்று’ என்ற மறுபாதிதான் சுவையானது. ஏனென்றால், கிளியின் இறகில் பச்சை நிறப் பொருள் எதுவுமே இல்லை!

நம்ப முடியவில்லையா? கிளியின் பச்சை இறகில் மூன்று சங்கதிகள் இருக்கின்றன. வெளிப்புறத்தில் மஞ்சள் நிறமி. அதன் உள்ளே, கெரட்டினும் காற்றுக் குமிழ்களும் கலந்த, கடற்பஞ்சு போன்ற ஓர் அடுக்கு. அதற்கும் அடியில் மெலனின் என்ற கருநிறமி. நம் தலைமுடியைக் கறுப்பாக்குவதும் இதே மெலனின்தான்.

இவற்றுள் நடுவில் இருக்கும் பஞ்சடுக்கில்தான் வித்தை இருக்கிறது. அதில் எந்தச் சாயமும் இல்லை. ஆனால் அதன் குமிழ்களுக்கு இடையிலுள்ள தூரம், ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் பங்காக்கி, அதில் ஒன்றிரண்டு பங்கு அளவே ஆகும். இந்த நுண்ணிய இடைவெளி ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்கது. பல குமிழ்களிலிருந்து திரும்பி வரும் அலைகளுள் நீலப் பக்கத்து அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து வலுவடைகின்றன. சிவப்புப் பக்கத்து அலைகள் அவ்வாறு வலுவடைவதில்லை. சோப்புக் குமிழியில் வண்ணம் தோன்றுவதற்குக் காரணமான குறுக்கீட்டு விளைவின் உறவினர்தான் இது. இப்படித் திரும்பும் ஒளியில் நீலம் மிகுதி. பச்சையும் ஓரளவு உண்டு. வெளியே உள்ள மஞ்சள் நிறமி அந்த நீலத்தை விழுங்கிவிடுகிறது. மிஞ்சி நம் கண்ணுக்கு வருவது பச்சை!

ஆக, கிளியின் பச்சை பாதி வேதியியல், பாதி இயற்பியல்.

இங்கே நம் மண்ணோடு தொடர்புடைய ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். மத்திகிரியிலிருந்து பெங்களூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவு. அங்குள்ள இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக 1933-ஆம் ஆண்டில் சென்றவர் சர் சி. வி. இராமன். அதற்கு மறு ஆண்டு, 1934-இல், அவர் நிறுவிய இந்திய அறிவியல் அகாதமியின் இதழ்த் தொகுதி முதன்முதலாக வெளிவந்தது. அதில் இராமனே எழுதிய ஒரு கட்டுரையின் பொருள் என்ன தெரியுமா? பறவை இறகுகளின் நிறம்! அவர் எடுத்துக்கொண்டது பனங்காடையின் நீல இறகு. வானம் நீலமாகத் தெரிவதற்குக் காரணமான சாதாரண ஒளிச்சிதறலே இறகின் நீலத்துக்கும் காரணம் என்று அதுவரை பலரும் எண்ணியிருந்தனர். இறகின் நிறத்தை அப்படிச் சிதறல் என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது என்று இராமன் எடுத்துக்காட்டினார்.

பின்னர் மின்னணு நுண்ணோக்கி வந்தது. டென்மார்க் நாட்டின் யான் டிக், 1971-இல் ஆப்பிரிக்கச் சிறு கிளி ஒன்றின் பச்சை, நீல இறகுகளின் உள்ளமைப்பை விரிவாக ஆராய்ந்தார். 1998-இல் அமெரிக்காவின் ரிச்சர்ட் பிரமும் அவருடைய தோழர்களும், பஞ்சடுக்கு தாறுமாறாகத் தோன்றினாலும் அதன் இடைவெளிகளில் ஒரு சீர் இருக்கிறது என்று, வேறொரு நீலப் பறவையின் இறகை வைத்துக் கணக்கிட்டுக் காட்டினர். இராமனின் ஐயம் நியாயமானதே என்பது தெளிவாயிற்று.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சில துளிகள் பால் விட்டுக் கலக்குங்கள். இருட்டறையில் பக்கவாட்டிலிருந்து டார்ச் விளக்கை அடியுங்கள். டம்ளரின் பின்னால் முதலில் கறுப்புத் துணி. பிறகு வெள்ளைத் தாள். கறுப்புத் துணியின்முன் பால் கலந்த நீர் இளநீலமாகத் தெரியும். வெள்ளைத் தாளின்முன் அந்த நீலம் மறைந்துவிடும். தாளிலிருந்து திரும்பி வரும் ஒளி, மெல்லிய நீலத்தை மூழ்கடித்துவிடுகிறது.

பாலில் நடப்பது சாதாரணச் சிதறல்; இறகில் நடப்பது அதைவிட ஒழுங்கானது. ஆனால் ‘பின்னால் கறுப்பு வேண்டும்’ என்ற விதி இரண்டுக்கும் பொது. கிளியின் இறகில் அந்தக் கறுப்புத் துணியின் வேலையைச் செய்வது மெலனின்.

இப்போது ஒரு புதிர். பிறவியிலேயே மெலனின் இல்லாமல் போன பச்சைக்கிளி என்ன நிறத்தில் இருக்கும்? கறுப்புத் துணி இல்லை. ஆகவே நீலம் இல்லை. எஞ்சியிருப்பது மஞ்சள் நிறமி. எனவே கிளி முழுவதும் மஞ்சள்! கண்கள் மட்டும் சிவந்திருக்கும். ‘பொன்கிளி’ என்று கதைகளில் படிக்கிறோமே, அப்படிப்பட்ட கிளி உண்மையாகவே மிக அபூர்வமாகப் பிறப்பதுண்டு. மாறாக, மஞ்சள் நிறமி இல்லாமல் பிறந்தால்? நீலக் கிளி!

இன்னொரு புதிர். பச்சைப் பெற்றோருக்குப் பிறக்கும் மஞ்சள் குஞ்சு பெரும்பாலும் பெண்ணாகவே இருக்கும். ஏன்? பறவைகளில் ஆணுக்கு இசட் என்ற குரோமோசோம் இரண்டு. பெண்ணுக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. மெலனின் குறைபாட்டை உண்டாக்கும் மரபணு வழக்கமாக இசட்டில் இருக்கிறது. தந்தையின் இரண்டு இசட்டுகளில் ஒன்று பழுதானது என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றது சரியாக இருப்பதால் அவர் பச்சையாகவே இருப்பார். மகனுக்கு அந்தப் பழுதான இசட் வந்தாலும், தாயிடமிருந்து வரும் நல்ல இசட் காப்பாற்றிவிடும். மகளுக்குக் கிடைப்பதோ தந்தையின் ஒரே ஓர் இசட். அது பழுதானால் மாற்று இல்லை! தாளில் கட்டம் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கிளிகளின் மஞ்சள், சிவப்பு நிறமிகளுக்கும் ஒரு தனிச் சிறப்பு உண்டு. மற்றப் பறவைகள் பலவும் மஞ்சளையும் சிவப்பையும் தின்னும் உணவிலிருந்து பெறுகின்றன. கிளிகளோ சிட்டகோஃபல்வின் என்ற நிறமியைத் தம் உடலிலேயே சமைத்துக்கொள்கின்றன. இந்நிறமி கிளிகளிடம் மட்டுமே உண்டு. நம் ஊரில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று கூண்டில் விற்கப்படும் ஆஸ்திரேலியாவின் பட்ஜெரிகார் கிளியில் இதைச் சமைக்கும் நொதி எது என்பது 2017-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த நொதியின் ஓரிடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறினால் போதும், கிளி நீலமாகிவிடும்! 2024-இல் போர்ச்சுகல் நாட்டு அறிஞர்களை உள்ளிட்ட ஒரு குழு மற்றொன்றைச் சொன்னது: சிவப்பு நிறமியின் மூலக்கூறு நுனியில் ஒரு சிறு மாற்றம் செய்தால் அது மஞ்சளாகிவிடுகிறது, அந்த மாற்றத்தைச் செய்வதும் ஒரு நொதிதான்.

இப்போது மாணவனின் கேள்விக்குத் திரும்புவோம். பச்சை எங்கும் போகவில்லை. பச்சை என்பது ஒரு சமையற்குறிப்பு. இளம் கிளியின் தோலில் இறகு முளைக்கும் குழிகள் ஒரு குறிப்பின்படி சமைத்தன. ஆண் முதிர்ந்ததும், தலையில் உள்ள குழிகள் வேறொரு குறிப்பைக் கையில் எடுத்துக்கொண்டன. அவ்வளவுதான்!

இளம் பறவைகள் ஏன் இப்படி மங்கிய உடையில் அலைகின்றன? இலைகளுக்கு நடுவே பகைவர் கண்ணில் படாமல் இருப்பதற்காக என்பது ஒரு கருத்து. ‘நான் இன்னும் சிறுபிள்ளை, உன்னோடு போட்டிக்கு வரவில்லை’ என்று வளர்ந்த பறவைகளுக்குத் தெரிவிப்பதற்காக என்பது மற்றொரு கருத்து. பறவைகள் புறஊதாக் கதிரையும் காண வல்லவை என்பதையும் மறந்துவிடாதீர்கள். நமக்கு வெறும் பச்சையாகத் தெரியும் குஞ்சு, அதன் தாய்க்கு எப்படித் தெரிகிறதோ!

மீண்டும் வந்தவர்

ஆகஸ்ட் மாதக் கடைசியில் அந்த மோட்டார் சைக்கிள்காரர் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை அவரை உள்ளே அழைத்து உட்காரவைத்து, எங்கள் நோட்டுப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினேன். ஏப்ரலில் மூன்று திட்டுகள். ஜூனில் பாதித் தலை. ஆகஸ்டில் முக்கால் தலை.

“இது புது ஜாதி இல்லைங்க. இன்னும் இரண்டு மாதம் போனால் இந்தப் பக்கத்துக் காடு மேட்டில் எல்லாரும் பார்க்கும் செந்தலைக் கிளியாகிவிடும். அதிசயம் என்று சொல்லி யாருக்கும் விற்க முடியாது. இன்னொன்று, நம் நாட்டுக் கிளி எதையும் பிடிப்பதோ விற்பதோ கூண்டில் வளர்ப்பதோ குற்றம், சிறைத் தண்டனை உண்டு” என்றேன்.

அவர் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். “அப்ப இது சும்மா குட்டிக் கிளிதானா?” என்று கேட்டுவிட்டு, சற்று ஏமாற்றத்தோடு எழுந்து போனார். நானும் என் மாணவர்களும் பெருமூச்சு விட்டோம். ‘அபூர்வம்’ என்ற என் தவறான சொல் அந்தக் கிளியை ஆபத்தில் தள்ளியது. ‘சாதாரணம்’ என்ற சரியான சொல் அதைக் காப்பாற்றியது!

ஆனால் சாதாரணக் கிளிகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன என்று எண்ணிவிடாதீர்கள். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருந்தும், கிளிக் குஞ்சுகளை மரப்பொந்திலிருந்து திருடி விற்பது நின்றபாடில்லை. இறகு முளைக்காத குஞ்சுகளை மூட்டை மூட்டையாகக் கடத்தும்போது பல வழியிலேயே இறந்துபோகின்றன. மரங்கொத்தி கைவிட்ட பொந்தையோ, கிளை முறிந்து உளுத்த குழியையோ கிளிகள் பெரும்பாலும் நாடுகின்றன. பட்டுப்போன மரம் என்று நாம் வெட்டிச் சாய்ப்பது அவற்றுக்கு வீடு. கேழ்வரகுக் கதிரிலும் சூரியகாந்தியிலும் கிளிகள் விழுந்தால் விவசாயிக்கு நட்டம் என்பதும் உண்மை. தப்பு தட்டி ஓட்டட்டும். வேண்டாம் என்று யார் சொல்வார்? ஓட்டுவது வேறு, பிடிப்பது வேறு.

நீங்களும் ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்குங்கள். உங்கள் மரத்துக்கு வரும் கிளியின் மூக்கு என்ன நிறம்? கழுத்தில் வளையம் உண்டா? வால் நுனி என்ன நிறம்? குரல் எப்படி? தேதி போட்டு எழுதுங்கள். தலையை மட்டுமாவது வரையுங்கள். விழுந்த பச்சை இறகு கண்ணில் பட்டால், வெயிலை நோக்கிப் பிடித்து அதன் ஊடே பாருங்கள். பச்சை மங்கிப்போய் வேறு நிறமாகத் தெரியும். ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும். பார்த்தபின் கிடந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். விசித்திரமாக ஏதேனும் கண்டால், ‘புது இனம்’ என்று சொல்வதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: வயது என்ன? ஆணா, பெண்ணா? இறகு மாற்றும் காலமா? எல்லாவற்றுக்கும் மேலாக, பொந்து இருக்கும் இடம் தெரிந்தால், அதை நோட்டில் எழுதாதீர்கள், யாரிடமும் சொல்லாதீர்கள்.

மூன்று விரலான் இந்த ஆண்டு ஜனவரியில் மீண்டும் வந்தது. தலை முழுவதும் நாவற்பழ நிறம், கழுத்தில் கறுப்புப் பட்டை, தோளில் செம்புள்ளி. பக்கத்துக் கிளையில் சாம்பல் தலைப் பெண் ஒன்று. “சாயம் நல்லா ஏறிடுச்சு” என்றார் பாட்டி. காலில் விரல் மூன்றுதானா என்று எண்ணிப் பார்த்திராவிட்டால், அதுதான் இது என்று நானே நம்பியிருக்க மாட்டேன்.